சட்டாம்பிள்ளையும் அமெரிக்க ஜனாதிபதியும்

பாடம் நடத்துவதில் ஓர் அபாயம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சில சமயம் அதைக் கவனித்துக் கேட்டுவிடுகிறார்கள்!

சென்ற மாதம் நமது எட்டாம் வகுப்பில், அமெரிக்க ஜனாதிபதி தேர்ந்தெடுக்கப்படும் முறையை விவரித்துக்கொண்டிருந்தோம். 2024-ம் வருஷத் தேர்தலில் டொனால்ட் டிரம்புக்கு 312 வோட்டு, கமலா ஹாரிஸுக்கு 226 வோட்டு என்று கரும்பலகையில் எழுதினோம். உடனே ஒரு மாணவன் எழுந்து, "ஸார், அங்கே 15 கோடிப் பேருக்கு மேல் வோட்டுப் போட்டார்களாமே! கூட்டினால் 538 தானே வருகிறது?" என்றான்.

நியாயமான சந்தேகந்தான். அமெரிக்கப் பிரஜை ஜனாதிபதியை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை; தமது மாகாணத்தின் சார்பில் வோட்டளிக்கும் தேர்வாளர்களையே தேர்ந்தெடுக்கிறார். அந்நாட்டுச் சட்டசபையின் இரு பிரிவுகளிலும் ஒரு மாகாணத்துக்கு எத்தனை அங்கத்தினர்களோ, அத்தனை தேர்வாளர்கள். தலைநகருக்கு 3 பேர். ஆக மொத்தம் 538. இவர்களில் 270 பேரைப் பெற்றவர் ஜனாதிபதி. மெயின், நெப்ராஸ்கா என்னும் இரண்டு மாகாணங்கள் நீங்கலாக, மற்றவற்றில் முந்தியவருக்கே அம்மாகாணத்தின் தேர்வாளர் அனைவரும் சேருவர். ஆகையால்தான் 2000-ல் ஆல் கோர் நாடு முழுவதிலும் 5 லட்சம் வோட்டுக்கு மேல் அதிகம் பெற்றும், புளோரிடாவில் 537 வோட்டுக் குறைந்ததனால் தோற்றார்.

மாணவன் உட்காரவில்லை. "அது சரி ஸார். போட்டியிட்ட இருவரையும் பொறுக்கியது யார்?" என்றான்.

முதற் கேள்வியைவிட இது பெரிது. முன்னாளில் அபேட்சகரைப் பெரும்பாலும் கட்சித் தலைவர்களே மகாநாட்டில் பேரம் பேசி நிர்ணயித்தார்கள். 1924-ல் நியூயார்க்கில் கூடிய டெமாக்ரடிக் கட்சி மகாநாடு 103 முறை வோட்டெடுத்த பிறகே ஜான் டேவிஸை நிறுத்தியது, அவர் தோற்றார். 1968-ல் ஹூபர்ட் ஹம்ப்ரி, பொதுஜனங்கள் கலந்துகொள்ளும் பூர்வாங்கத் தேர்தல் ஒன்றிலும் போட்டியிடாமலே சிகாகோ மகாநாட்டில் அபேட்சகரானார். வெளியே வீதியில் கிளர்ச்சிக்காரர்களைப் போலீஸார் தடிகொண்டு அடித்தனர். அந்த அவமானத்துக்குப் பிறகே கட்சி தன் விதிகளைத் திருத்தியது. 1972 முதல் மகாநாட்டுப் பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலோர் பூர்வாங்கத் தேர்தல்களிலும் உள்ளூர்க் கூட்டங்களிலும் கிடைக்கும் ஆதரவைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றனர்.

கதவைத் திறந்தவுடன் வெற்றி வந்துவிடவில்லை. புதிய விதிகளின்படி 1972-ல் நின்ற மக்கவர்ன் 49 மாகாணங்களில் தோற்றார். 2024-லோ, பூர்வாங்கத் தேர்தல்களில் வென்ற ஜோ பைடன் ஜூலை மாதம் விலகிக்கொள்ள, அவருக்காக வந்த பிரதிநிதிகளே ஹாரிஸை அபேட்சகராக்கினார்கள். ஆயினும் பழைய கதவை முழுவதும் சாத்திவிட எக்கட்சியும் துணியவில்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது பாதித் தேர்தலே; அந்த இருவர் யாரென்று தீர்மானிப்பது மற்றப் பாதி. இரண்டாவது பாதி யார் கையிலோ, அதிகாரமும் பெரிதும் அவர் கையில்தான்.

இவ்வாறு பெருமிதத்துடன் பாடத்தை முடித்தோம். மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நம் வகுப்புச் சட்டாம்பிள்ளைத் தேர்தலிலும் இருவர் பெயரையும் நீங்கள்தானே ஸார் எழுதிப் போட்டீர்கள்?"

வகுப்பு நிசப்தமாயிற்று. நாமும் நிசப்தமானோம். ஆண்டுதோறும் அடக்கமான இரு பிள்ளைகளை நாமே பொறுக்கி நிறுத்தி, சீட்டுப் போடச் சொல்லி, ஜனநாயகத்தைக் கற்பித்துவிட்டதாக மகிழ்ந்துவந்தோம். பதினைந்து வருஷமாக எவரும் கேட்கவில்லை என்பதை அவர்களுடைய சம்மதமாகவே எண்ணியிருந்தோம்.

மறு திங்கட்கிழமை கரும்பலகையை வெறுமையாக விட்டு, "பெயர்களை நீங்களே சொல்லுங்கள்" என்றோம். ஐந்து பெயர்கள் வந்தன. வென்ற பிள்ளை, நாம் கனவிலும் நிறுத்தியிருக்க மாட்டாத ஒருவன். வகுப்பில் இரைச்சல் முன்னைவிடச் சற்று அதிகந்தான், அதை மறைப்பானேன்? ஆனால் அவன் "சும்மா இருங்கள்" என்று அதட்டும்போது, "நீ வாத்தியார் வைத்த ஆள்" என்று இப்போது எவரும் சொல்ல முடிவதில்லை.