ஹாலே நகரத்துப் பனியும் ஒரு கம்பளியும்



2013ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஜெர்மனியின் ஹாலே நகருக்குச் செல்லும் வாய்ப்பைக் கர்த்தர் எனக்கு அருளினார். தரங்கம்பாடி மிஷனின் வரலாற்றைப் படித்த எவருக்கும் அந்நகரின் பெயர் தாய்வீட்டின் பெயரைப் போன்றது. மார்ச் மாதத்தில் அங்கே வசந்தம் தொடங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தபடியால், ஒரு மெல்லிய சுவெட்டரை மட்டுமே எடுத்துச் சென்றிருந்தேன். அவ்வாண்டோ குளிர்காலம் போக மறுத்துவிட்டது. குருத்தோலை ஞாயிறன்று காலையில் சன்னலைத் திறந்தபோது கூரைகளும் தெருக்களும் ஒரே வெண்மையாய்க் கிடந்தன. உயிர்த்தெழுதலின் பண்டிகை நெருங்கும் நாளில் இப்படியொரு குளிரா என்று அவ்வூராரே வியந்துகொண்டிருந்தார்கள்.

சந்தைச் சதுக்கத்திலுள்ள பழைய ஆலயத்திற்கு நடந்தே சென்றேன். அந்த ஆலயத்தின் நான்கு கோபுரங்களும் அருகே தனித்து நிற்கும் சிவப்புக் கோபுரமுமாக ஐந்தும் பனிமூட்டத்தில் பாதி மறைந்திருந்தன. இசைமேதை ஹாண்டல் 1685இல் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபன் ஊரில் மரித்த மார்ட்டின் லூத்தரின் சரீரம் விட்டன்பர்க்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் ஓர் இரவு இங்கே வைக்கப்பட்டிருந்தது. அவருடைய முகத்தின் அச்சு இன்றும் அங்கே காக்கப்படுகிறது. களைத்த ஒரு முதியவரின் முகம் அது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சற்று வெதுவெதுப்பாக இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் பிராங்கேயின் நிறுவனங்களைக் காணச் சென்றேன். 1695இல் போதகர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் கண்ட சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து அநாதை இல்லமும் பள்ளிகளும் மருந்தகமும் அச்சகமும் எழும்பின. அங்கே வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளே 1713இல் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவையாய் இருந்தமையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று. சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், தமது முப்பத்தாறாம் வயதில், அவர் நித்திரையடைந்தார். அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் ஓலைச்சுவடிகளைக் காட்டினார்கள். பனி கொட்டும் அந்நிய நாட்டில் பனையோலையில் நம் எழுத்துகளைக் கண்டபோது என் கண்கள் கலங்கின.

திரும்பி வரும்போது காற்றும் சேர்ந்துகொண்டது. விரல்கள் மரத்துப்போய், அறைச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கக்கூட இயலவில்லை. விருந்தினர் இல்லத்தைப் பராமரித்த வயதான அம்மையார் அதைக் கண்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. உள்ளே போய், காலஞ்சென்ற தம் கணவரின் கனத்த கம்பளி அங்கியைக் கொண்டுவந்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். போதகர் கொடுக்கிறவர், வாங்குகிறவர் அல்லர் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என் தோள்களின்மேல் போர்த்திவிட்டார். பையில் மடித்த கைக்குட்டை ஒன்று அப்படியே இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முந்தைய டிசம்பரில் நம் ஆலய வளாகத்தின் இரவுக் காவலர் என்னிடம் வந்து, "ஐயா, ராத்திரியிலே பனி தாங்கலே, ஒரு கம்பளி கிடைக்குமா?" என்று கேட்டார். "நம்ம ஊரிலே என்ன பெரிய குளிர்? பண்டிகை முடியட்டும், பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பண்டிகை முடிந்தது, நான் மறந்துபோனேன். சிறையிலிருந்த பவுல் அப்போஸ்தலன், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும் மாரிகாலத்துக்குமுன் வந்துவிடும்படியும் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அத்தனை பெரிய ஊழியரும் குளிருக்கு அஞ்சி ஓர் அங்கியைக் கேட்டார் என்று நயமாகச் சொல்லியிருக்கிறேன். என் வாசலில் நின்று கேட்டவரின் குரல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

ஊர் திரும்பியபோது அவர் வேலையை விட்டு மகளின் கிராமத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஈஸ்டர் அலுவல்கள் முடிந்து, நான் கம்பளி ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது மே மாதத்தில். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கத்திரி வெயிலிலே கம்பளியா ஐயா?" என்றார். பின்பு அதைப் பதனமாய் மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். மகள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிசம்பரில் அவரிடம் நான் சொன்ன வார்த்தைகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். அப்படி எதுவும் தமக்கு நினைவில்லை என்றார். அது மெய்தானா, அல்லது எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.