மணி வீடு

சென்னைத் தெருக்களில் ஈழத்தமிழரை நான் நடையை வைத்தே அடையாளம் கண்டுவிடுவேன். ஓரமாக நடப்பார்கள். குரல் உயராது. கடையில் வேண்டியதைக் கையால் காட்டி வாங்குவார்கள், வாயைத் திறந்தால் "சிலோனா நீங்க?" என்று ஒரு கேள்வி வரும், அதன் பின்னால் இன்னும் நாலு வரும். 1983 முதல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறோம். 2021-இல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58 ஆயிரம் பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு 34 ஆயிரம் பேர். அந்த 34 ஆயிரத்தில் எங்கள் குடும்பமும் அடக்கம்.

நாங்கள் பள்ளிக்கரணைக்கு வந்தது வாடகை குறைவு என்பதால். அப்போது இங்கே ஒரு பக்கம் சதுப்பு நிலம், ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை. 2011-இல் பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2022-இல் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. இடையில் அடுக்குமாடிகள் எழும்பின. மதுரைக்காரர், நெல்லைக்காரர், ஒடிசாவிலிருந்து வந்த காவலாளிகள் என்று தெரு நிறைந்தது. எல்லோரும் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஒதுங்கி வாழ நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. அப்படித்தான் பல வருடங்கள் இருந்தோம். எங்கள் வீட்டுக்குத் தெருவில் இருந்த ஒரே அடையாளம், 'சிலோன்காரங்க வீடு'.

2016-இல் என் மகள் ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். மெயின் ரோட்டில் ஏதோ வண்டி தட்டிப் பின்னங்கால் தொங்கிக் கிடந்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, உடம்பு முழுக்க உண்ணி. தெருப் பையன்கள் அதற்குள் மணி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அம்மா வாசலிலேயே மறித்தார்.

"இனி என்ரை வீட்டில நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம். கொண்டுபோய் விட்டிட்டு வா."

பேத்தி கேட்டு அம்மா மறுத்த முதல் விஷயம் அதுதான். ஏன் என்று மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் அன்று மாலை வெளிக்கிடச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்குள் இராணுவம் வரப்போகிறது என்ற நிலை. மானிப்பாயிலிருந்து நாங்கள் ஒரு சைக்கிளோடு கிளம்பினோம். சைக்கிளில் அரிசி மூட்டை, உடுப்புப் பை, அதன்மேல் என் தங்கை. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில் நகர்ந்தது. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் நாய் வீமன் கூடவே வந்தான். சனநெரிசலில் கால்களுக்கிடையில் மிதிபட்டு மிதிபட்டு வந்தான். கோவில் வீதி ஒன்றில் அவனைக் காணவில்லை. அம்மா நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த சனம் தள்ளிக்கொண்டு போனது. அதே தெருவில் வயதானவர்களையே தவறவிட்டவர்கள் இருந்தார்கள். அந்த இரவில் நாய் காணாமற்போனதை யாரிடம் சொல்லி அழ முடியும்? அம்மா அன்றும் அழவில்லை, சாவகச்சேரியிலும் அழவில்லை, வன்னியிலும் அழவில்லை. மன்னாரில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் கொடுத்த பிறகு, ஒரு நாள் சோறு பிசையும்போது மிச்சக் கவளத்தைக் கையில் உருட்டி வைத்துக்கொண்டு, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் இருந்தார். அன்றைக்குத்தான் அழுதார்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவள் பாட்டியோடு வாதாடவில்லை. குட்டியைப் படிக்கட்டின் கீழ் அட்டைப்பெட்டியில் வைத்தாள். காலுக்குக் கட்டுப் போட்டு வந்த அன்று இரவு அது முனகிக்கொண்டே இருந்தது. நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தபோது, அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, அதன் காதுக்குள் இருந்த உண்ணிகளைக் கைவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் புட்டுக்கு மாவு குழைக்கும்போது ஒரு பிடி கூடப் போட்டார். மணி இன்றுவரை எங்கள் வீட்டில் புட்டும் மீனும் சாப்பிடுகிறான். கறிக்கடையில் கேட்டு வாங்கும் கோழிக்காலை மஞ்சள் போட்டு அவித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் புட்டு வேகும் வாசனை வந்தால் அவன் அடுப்படி வாசலை விட்டு நகர மாட்டான்.

2015-இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே சுரப்பு. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. நாய்களிடம் மட்டும் நடந்தது. இதைப் படித்தபோது அம்மாவும் மணியும் மதியவேளையில் ஒருவரையொருவர் பார்த்தபடி படுத்திருப்பதுதான் கண்முன் வந்தது. ஆனால் மணி எங்களுக்குச் செய்ததை அந்த ஆய்வு பாதிதான் சொல்கிறது. மிச்சப் பாதி வீட்டுக்கு வெளியே நடந்தது.

நாய்க்குக் காலையிலும் மாலையிலும் வெளியே போக வேண்டும். நமக்கு விருப்பமோ இல்லையோ, ஒரே நேரத்தில் ஒரே தெருவில் தினமும் நடந்தாக வேண்டும். அதுவரை கோவிலுக்குப் போவதற்குக்கூட இருட்டட்டும் என்று காத்திருந்த அம்மா, மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடிகாலையில் தெருவில் இறங்கினார். முதலில் பேச்சுக் கொடுத்தவர் இஸ்திரி வண்டிக்கார அம்மா. "கால் சரியாயிடுச்சா பாட்டி?" என்றார். அதன் பிறகு பால்காரர், அதன் பிறகு பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள். எல்லாரும் மணியைப் பற்றித்தான் கேட்டார்கள். என்ன சாப்பிடுவான், ஊசி போட்டாச்சா, ஏன் நேற்று காணோம். எங்கே இருந்து வந்தீர்கள், எப்போது திரும்பிப் போவீர்கள் என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து எங்களைத் துரத்திய கேள்விகள் அவை. பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மணிதான் எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தான். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. முன்கதையை விவரிக்காமலே மனிதரோடு பேச முடிவது அகதிக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பது அகதிக்குத்தான் தெரியும். எப்போது மாறியது என்று தெரியாது, கூரியர்ப் பையன் வழி கேட்டால் இப்போது "மணி வீடா? அந்தப் பச்சைக் கேட்டு" என்கிறார்கள்.

எல்லாரும் அன்பாகவே இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். தெருவில் ஒரு சிறுமியை வேறொரு நாய் கடித்தபோது, நாய் வைத்திருந்த எல்லா வீட்டு வாசலிலும் சத்தம் எழுந்தது. பயப்பட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, தடுப்பூசித் தவணைகளை முழுதாகப் போட்டுக்கொள்வது ஒன்றே வழி. பிள்ளை பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். சதுப்பு நிலத்துப் பறவைகளைக் கவனிப்பவர்களும், குப்பைமேட்டை நம்பிப் பெருகும் நாய்களால் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு ஆபத்து என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் தீர்வு கொலையில் இல்லை என்பதை இந்த நகரம் எப்போதோ கற்றுக்கொண்டது. 1959-இல், மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கிவந்ததில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு. எங்களுக்குப் பக்கத்து வேளச்சேரிப் பக்கம்தான் அவர்களுடைய மருத்துவமனை. பிடித்துக் கொல்வதால் தெருநாய்கள் குறையவில்லை, கருத்தடை செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விட்டால்தான் குறையும் என்று 1964-இலிருந்து அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமும், அதே மாதம் 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்ற அந்த ஒரு வரியைத் தொலைக்காட்சியில் கேட்டபோது அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

மணிக்குக் கருத்தடை ஆயிற்று, வருடம் தவறாமல் ஊசியும் போடுகிறோம். அந்தச் சிறுமியின் அம்மாவிடம் அவனுடைய ஊசி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியது என் அம்மாதான். காவல் நிலையப் பதிவுத்தாளை நீட்டிப் பழகிய கை, அன்று நாயின் அட்டையை நீட்டியது.

2023 டிசம்பர் 3 இரவு தொடங்கி மறுநாள் முழுக்க மிக்ஜாம் புயல் மழை அடித்தது. பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் வெள்ளத்தோடு போன காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்களுடையது தரைத்தளம். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்ததும் மாடிவீட்டுக்காரர்களே கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள், மணிக்கும் சேர்த்து. மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை தண்ணீரோடு போயிற்று. மீனவர் படகு தெருவுக்குள் வந்தபோது அம்மாவை முதலில் இறக்கச் சொன்னார்கள். அவர் படிக்கட்டின் கடைசிக் கல்லில் நின்றுகொண்டு அசையவில்லை. மணியைப் போர்வையில் சுற்றித் தோளோடு அணைத்திருந்தார்.

"தம்பி, இவனில்லாமல் நான் வரமாட்டன். இவனையும் ஏத்துறதெண்டால் வாறன்."

படகிலிருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு பாட்டி வேணாம்னா? மொதல்ல அவன இப்படிக் குடு. நீ அப்பறம் பொறுமையா கால வை." இரண்டு கையாலும் மணியை வாங்கிப் படகின் நடுவில் உட்கார வைத்தான். அம்மா அந்தப் பையனின் தலையைத் தொட்டு ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நாவற்குழிக்குப் போகும் வழியில் முடியாமல் போனது அன்று முடிந்தது.

ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா மகனும் நாய் வளர்க்கிறான். அங்கே நாய்க்கு ஊராட்சிக்கு வரி கட்ட வேண்டும். நாயைப் போதிய அளவு வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று ஒழுங்குவிதியே இருக்கிறது. வருடக்கணக்காக மாடிப்படியில் தலையைக் குனிந்து கடந்துபோன பக்கத்து வீட்டுக்காரர், நாய் வந்த பிறகுதான் அவன் பெயரைக் கேட்டாராம். கடல் கடந்தும் கதை ஒன்றாகவே இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கரணையில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தென்னிந்தியாவுக்கான மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு, சான்றளிப்பு நிலையம் இங்கேதான் இருக்கிறது. வெளிநாடு போகும் சென்னை நாய், பூனைகளுக்கு உடல்நலச் சான்று அங்கேதான் வாங்க வேண்டும். அமெரிக்காவுக்கு, ஜெர்மனிக்கு வேலை கிடைத்துப் போகிறவர்கள் கூண்டும் கோப்புமாகக் காரில் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவுக்கு என்றால் மைக்ரோசிப், வெறிநோய் ஊசி, அதன் பிறகு இரத்தப் பரிசோதனை, அந்த இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டு நாய்க்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியரைக் கண்டால் எனக்கு மனம் நிறையும். இவர்கள் புலம்பெயர்கிறார்கள், ஆனால் யாரையும் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை.

மானிப்பாயிலிருந்து மாமா அடிக்கடி அழைக்கிறார். வளவு சும்மா கிடக்கிறது, வந்து இருங்கோ என்கிறார். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் நடத்துவதை அவர்தான் காணொளியில் காட்டினார். ஆறு திருமுருகன் ஐயா தொடங்கியது. கைவிடப்பட்ட நாய்கள் நிழலில் படுத்திருப்பதை அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். மறுநாள் தன் சிறுவாட்டுக் காசை எடுத்துத் தந்து, அதை அங்கே அனுப்பச் சொன்னார்.

போவதா இருப்பதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் அம்மா ஒன்றையே கேட்கிறார்.

"மணியைக் கொண்டுபோக என்னென்ன பேப்பர் வேணும்?"

சிப், ஊசிச் சான்று, பேராதனையில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி, இங்கே உடல்நலச் சான்று என்று சொன்னேன்.

"அந்தச் சான்று குடுக்கிற கந்தோர் எங்கை?"

"பள்ளிக்கரணையிலதான் அம்மா. நடந்தே போகலாம்."

"பிறகென்ன? போய் விசாரி."

இதைக் கேட்டு மகள் கொதித்துவிட்டாள். அவள் இங்கே பிறந்தவள், இங்கே படிக்கிறவள். மணியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். பாட்டி வேண்டுமானால் போகட்டும், மணி பள்ளிக்கரணைக்காரன், அவன் எங்கேயும் வரமாட்டான் என்கிறாள். பாட்டிக்கும் பேத்திக்கும் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தெருவில் பாதிப் பேர் அம்மாவின் பக்கம், பாதிப் பேர் மகள் பக்கம். இஸ்திரி வண்டிக்கார அம்மா மட்டும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "யாரும் எங்கயும் போவேணாம், போங்க."