லாரிக்கு 24, காருக்கு 12... மாமாவின் ஸ்டீரியோ சொன்ன பாடம்!

என் தாய்மாமாவுக்கு லாரிதான் வீடு. நாமக்கல்லில் இருந்து கிளம்பினால் திரும்பிவர இரண்டு வாரம்கூட ஆகும். அந்த லாரியில் அவர் ஆசைப்பட்டு மாட்டிய ஒரே பொருள், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ. இளையராஜா பாடல்கள் இல்லாமல் அவருக்கு வண்டி நகராது.

ஆனால், காருக்கு 12 வோல்ட். லாரிக்கு 24 வோல்ட். பெரிய டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய நிறைய சக்தி வேண்டும். வோல்ட் இரண்டு மடங்கானால், அதே சக்திக்குப் பாதி கரன்ட் போதும். அதனால்தான் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை சீரிஸில் இணைக்கிறார்கள். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவதோ சுமார் 28 வோல்ட். கார் ஸ்டீரியோவுக்கு அதை நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும்.

மாமா போன கடையில் சுலபமான வழி சொன்னார்கள். "ரெண்டு பேட்டரி இருக்குதுல்லண்ணா? ஒண்ணுல இருந்து மட்டும் வயர் எடுத்துட்டா 12 வந்துரும்."

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பாட்டும் வந்தது.

சில மாதங்களில் ஒரு விநோதம். வயர் எடுத்த பேட்டரி சும்மா இருக்க, மற்றொன்றுக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் இரவு, ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு வந்தவர், தொப்பூர் கணவாய்க்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினார். வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

"பேட்டரி போனா வாங்கிக்கலாம் கண்ணு, தக்காளி காத்திருக்குமா?" என்று போனில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் வேறொரு எலெக்ட்ரீஷியன்தான் காரணத்தை விளக்கினார். ஸ்டீரியோ ஒரு பேட்டரியை மட்டும் கரைக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. இரண்டுக்கும் ஒரே அளவு கரன்ட்டைத்தான் அனுப்பும். ஒன்று எப்போதும் அரைவயிறு. மற்றொன்றுக்கோ தேவைக்கு மேல் சார்ஜ் ஏறி, தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டுமே வீண். மாமா இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டி வந்தது.

சரியான வழி, 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர். சின்ன டப்பாதான். இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது ஸ்டீரியோவின் பின்புறம் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது 10 ஆம்பியர் என்றால், தொடர்ந்து அதற்கு மேல் தரக்கூடிய கன்வெர்ட்டர் வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுவது கட்டாயம். வயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். கன்வெர்ட்டர் சூடாகும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் பொருத்த வேண்டும். சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும்படி இணைத்தால், நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்காது. ஸ்டீரியோவில் கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழியலாம், அவ்வளவுதான். புதிதாக வாங்குபவர்கள் 24 வோல்ட் ஸ்டீரியோவாகவே கேட்டு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

முதல் நாளே கருகியிருந்தால் மாமா உஷாராகியிருப்பார். தப்பான இணைப்பிலும் பாட்டு நன்றாகக் கேட்டதுதான் வினை. உங்கள் வீட்டிலும் லாரி ஓட்டும் அப்பாவோ, அண்ணனோ, சித்தப்பாவோ இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்டீரியோவுக்கு வயர் எங்கிருந்து வருது?"