வெயிலும் மாத்திரையும்

எங்கள் வயதில் மாத்திரை டப்பா இல்லாத வீடு புதுச்சேரியில் அபூர்வம். பிரான்சிலிருந்து வரும் பிள்ளைகள் சாக்லெட்டோடு மருந்தும் கொண்டுவருவார்கள். பெட்டிக்குள் இருக்கும் பிரெஞ்சுத் துண்டுச்சீட்டைப் படித்துச் சொல்ல எங்கள் தெருவில் என்னைத்தான் தேடி வருவார்கள். காலமெல்லாம் கோப்பு படித்தவனுக்கு அது பாரமில்லை.

அந்தச் சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'ஃபொத்தோசான்சிபிலிசாசியோன்'. சொல் நீளம், பொருள் எளிது. மருந்து ரத்தத்தோடு தோலுக்குப் போய், சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கி, தோலைப் புண்ணாக்குகிறது. மற்றவர் தாங்கும் வெயில் இவருக்குச் சுடும்.

எல்லாம் நமக்குப் பழகிய மருந்துகள்தான். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், கிருமிகளுக்கு டாக்சிசைக்ளின், மூட்டுவலிக்குத் தடவும் கீட்டோப்ரோஃபென் ஜெல். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஆனது. முகம், பின்கழுத்து, முன்கை எல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. கருவாடுதான் காரணம் என்று அண்ணி இரண்டு மாதம் அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பலனில்லை. பார்த்தால், சட்டை மூடிய முதுகும் கடிகாரப் பட்டைக்கு அடியில் இருந்த தோலும் சுத்தமாக இருந்தன. "அண்ணே, கருவாடு வாட்சைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா?" என்றேன்.

சீட்டைப் படித்துச் சொன்னதும் அவர், "அப்போ நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திடறேன்" என்றார். அதுதான் ஆபத்து. அரிப்பைத் தாங்கலாம், அழுத்தம் ஏறிப் பக்கவாதம் வந்தால் என்ன செய்வது? மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு இருவரும் மருத்துவரிடம் போனோம். அவர் வேறு மாத்திரை எழுதித் தந்தார். சில வாரங்களில் தோல் அடங்கியது. கருவாடும் வீடு திரும்பியது.

இன்னும் இரண்டு விஷயம். அந்தக் கதிரில் ஒரு பகுதி ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். கீட்டோப்ரோஃபென் ஜெல்லை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் அந்த இடத்தை வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும்.

வெயிலில் வெந்த தோலைப் பிரெஞ்சில் 'கூ த் சொலெய்' என்பார்கள். சூரியன் கொடுத்த அடி. நம் தமிழிலும் வெயில் 'அடிக்க'த்தான் செய்கிறது. கடற்கரைச் சாலையில் அது கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். ஆகவே நடையைச் சீக்கிரம் முடியுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள்.