ஏழாம் கட்டளையின் கேள்விகள்

பாவசங்கீர்த்தனம் கேட்பது ஒரு கலை. அதைக் குருமாணவர்களுக்குப் பாடமாக வைத்துக் கற்பிக்கும் வழக்கம் கத்தோலிக்கத் திருச்சபையில் நெடுங்காலமாக உண்டு. செய்த பாவங்களை ஒருவர் குருவிடம் வாய்விட்டுச் சொல்லி, மன்னிப்புப் பெற்று, குரு விதிக்கும் பரிகாரத்தை நிறைவேற்றும் இந்தச் சடங்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ஒப்புரவு அருட்சாதனம் என்று அழைக்கப்பட்டாலும், வேம்பாறு தொடங்கி மணப்பாடு வழியாகத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறைக் கரையூர்களில் முதியவர்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது. 1551ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம், மனந்திரும்புகிறவர் செய்ய வேண்டியவற்றை மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என மூன்றாக வகுத்தது. மனஸ்தாபம் உள்ளத்தில் நிகழ்வது, அதைப் பிறர் அளக்க முடியாது. பரிகாரமோ எல்லாருக்கும் ஒரே அளவில் மூன்று அருள்நிறை மந்திரமாகச் சுருங்கி வெகுகாலமாயிற்று. கேட்பவரின் கைத்திறன் வெளிப்படுவது நடுவில் நிற்கும் அறிக்கையில்தான், ஏனெனில் சொல்ல வந்தவர் சொல்லாமல் விடுவதை, துருவித் துன்புறுத்தாமலும் கண்டும் காணாமல் போகாமலும், பொருத்தமான ஒரு கேள்வியால் வெளியே வரச்செய்வது அங்கேதான் தேவைப்படுகிறது.

அத்தகைய கேள்விகளைத் தமிழில் அச்சேற்றிய முதல் முயற்சியும் இந்தக் கரையோடு சேர்ந்ததே. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1600இல் இறக்கும்வரை இப்பகுதியில் உழைத்த போர்த்துக்கேய இயேசு சபைக் குருவும், மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பாவம் கேட்கும் அளவுக்குத் தமிழ் கற்றவருமான அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றை வெளியிட்டபின், 1580இல் ‘கொம்பெசியொனாயரு’ என்ற பாவசங்கீர்த்தனக் கையேட்டை அச்சிட்டார். புனிதர் வரலாறுகளைத் தொகுத்த பெருநூல் 1586இல்தான் வந்தது. தமிழ் அச்சின் தொடக்க வரிசையில் மனந்திரும்புதலுக்கான வழிகாட்டி இத்தனை முன்னால் நிற்பது தற்செயலன்று. திருமுழுக்குப் பெற்ற பல்லாயிரவரை மந்திரம் ஒப்பிக்க வைத்துவிடலாம், ஆனால் தம் தொழிலிலும் வீட்டிலும் எதைப் பாவம் என்று கண்டுகொள்வது என்பதை ஒவ்வொருவருக்கும் கற்பிக்க வேண்டியிருந்தது. பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் அந்தந்தத் தொழிலுக்கும் நிலைக்கும் ஏற்ற கேள்விகளை அடுக்குவது அக்கால ஐரோப்பியக் கையேடுகளின் பொது அமைப்பு. வணிகனிடம் கேட்பது ஒன்றாகவும் நீதிபதியிடம் கேட்பது வேறொன்றாகவும் இருந்தது.

தொழிலையும் பணத்தையும் சுற்றி வளரும் உலகப்போக்கு என்பது நவீன காலத்தில் எங்கிருந்தோ வந்து இந்தச் சபைக்குள் நுழைந்த ஒன்று என்று தியானப் பிரசங்கிகள் சொல்வதுண்டு. இக்கரையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. முத்துப் படுகைகளின் மீதான உரிமைச் சண்டையில் பாதுகாப்புத் தேடிய பரதவர் போர்த்துக்கேயரை அணுகியதன் விளைவாகவே 1530களின் நடுவில் கரையூர்கள் திருமுழுக்குப் பெற்றன. விசுவாசமும் முத்தும் ஒரே தோணியில் ஏறி வந்தன என்பதை மறைப்பதில் பயனில்லை. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தப் பிணைப்பை நன்கு அறிந்திருந்தார்; போர்த்துக்கேய அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த முத்துக்குளிப்பு வரியிலிருந்து 4,000 பணத்தைக் கணக்கப்பிள்ளைகளின், அதாவது ஊர்தோறும் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின், ஊதியத்துக்குத் திருப்பிவிடச் செய்தவர் அவரே.

ஆனால் அவரது கண்டிப்பு எங்கே விழுந்தது என்பதே இக்கலைக்குப் பாடமாக நிற்கிறது. தூத்துக்குடிப் பகுதியின் போர்த்துக்கேயக் கப்பித்தானாக இருந்த கோஸ்மே தெ பைவா, பாதுகாப்பவர் என்ற பெயரில் கரையைச் சுரண்டியவர். 1545இல் நாகப்பட்டினத்திலிருந்து தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கப்பித்தான் கரையில் செய்த கொள்ளைகளையும், அவரது பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த சாவுகளையும் குறிப்பிட்டு, அவர் தம் மனச்சான்றைச் சுத்தப்படுத்திக்கொள்ள உதவ வேண்டும் என்றும், கொலையாளிகளிடமிருந்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அவருக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்றும் சவேரியார் கேட்டுக்கொண்டார். பைவா செருக்குடையவர் என்றோ ஜெபிக்காதவர் என்றோ பொதுவாகச் சொல்லி அவர் நிறுத்தவில்லை. ஊர், செயல், பணம், திருப்பித் தரவேண்டிய கடன் என்று பாவத்துக்கு முகவரி எழுதினார். அதுவும் ஆட்சியின் தயவில் இயங்கிய ஒரு மறைபரப்பாளர், ஆட்சியின் அதிகாரியைப் பற்றி எழுதியது.

இந்தக் கூர்மை இன்று எங்கே மழுங்கியிருக்கிறது என்பதை ஒப்புரவுத் தொட்டியில் அமரும் எந்தக் குருவும் அறிவார். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், காலை ஜெபத்தை மறந்தேன் என்று முதல் நன்மைக்குத் தயாரிக்கும்போது சிறுபிள்ளையாகக் கற்ற பட்டியலையே, விசைப்படகு உரிமையாளரும் கப்பல் முகவரும் பள்ளித் தாளாளரும் ஐம்பது வயதிலும் ஒப்பிக்கிறார்கள். உண்மையில் உறுத்துவது ஒன்று இருந்தால், அது பட்டியலின் நடுவில், குரல் தாழ்ந்து, வேகமாகக் கடந்துபோகும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பாஸ்காவுக்கும் முந்திய நாள்களில் வரிசை கோயில் வாசலைத் தாண்டி நிற்கையில், அந்தக் குரல் தாழ்ந்த இடத்தைப் பிடித்து நிறுத்திக் கேட்க நேரமும் இருப்பதில்லை, கேட்க வேண்டும் என்ற பயிற்சியும் இருப்பதில்லை. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: கற்பைக் குறித்த ஆறாம் கட்டளையில் கேள்வி கேட்பதற்குத் தயங்காத குருமரபு, களவைக் குறித்த ஏழாம் கட்டளைக்கு வந்ததும் பெரும்பாலும் ஒற்றை வாக்கியத்தில் கடந்துவிட்டது. ஆறாம் கட்டளையில் ஏழையும் பணக்காரனும் சமமாகக் கூனிக் குறுகுவார்கள். ஏழாம் கட்டளையை ஒழுங்காகக் கேட்டால், கோபுரத்துக்கு நன்கொடை தந்தவரே முதலில் முகம் சிவப்பார்.

ஏழாம் கட்டளைக்குத் தூத்துக்குடியில் இன்று ஒரு கையேடு எழுதப்படுமானால், கடைசி முத்துச்சிலாபம் 1961இல் நடந்து முடிந்துவிட்டபடியால், சிப்பி பங்கிடுவதைப் பற்றிய கேள்விகள் அதில் இரா. விசைப்படகு உரிமையாளரிடம், பங்கு பிரிப்பதற்கு முன் கழிக்கப்படும் டீசல் செலவில் மானிய டீசலின் விலை கணக்கிடப்பட்டதா, வெளிச்சந்தை விலையா என்று கேட்க வேண்டியிருக்கும். முன்பணம் கொடுத்துவிட்டு அதன் பேரில் நாட்டுப்படகுக்காரரின் மீனைக் குறைந்த விலைக்கு எடுக்கும் வியாபாரியிடம், அந்தக் கடன் என்றைக்காவது தீரும்படி வைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். உப்பள முதலாளியிடம், வெயிலில் உப்பு வாரும் பெண்ணுக்கு ஆணின் கூலியிலிருந்து எவ்வளவு குறைக்கப்படுகிறது, பாத்திகளுக்கு அருகில் ஒதுங்க மறைவிடம் உண்டா, மழையால் வேலை நின்ற மாதங்களில் அரசு தரும் நிவாரணத்தைத் தவிர அவர் வீட்டுக்கு என்ன போனது என்று கேட்க வேண்டும். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் தாள்களை நகர்த்தும் அலுவலரிடம் கேட்க வேண்டியது, கடற்கரை முழுவதற்கும் தெரிந்ததுதான். இக்கேள்விகள் ஒன்றும் மறைபொருளல்ல. பாதித்தவரும் பாதிக்கப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே பங்கில் ஒரே திருப்பலியில் நிற்பவர்கள் என்பதால், கேட்கிற குருவுக்கே விடை பாதி தெரிந்திருக்கும்.

பழைய ஞானோபதேசம் ஆன்மாவின் எதிரிகளை உலகம், பசாசு, சரீரம் என்று மூன்றாகச் சொன்னது; மேடைகளில் உலகம் என்பது திரைப்படம், நகை, உடை என்று சுருங்கிவிட்டதால்தான் பணத்தின் காரியங்கள் தப்பித்துக்கொண்டன. புரோட்டஸ்தாந்து சபைகளில் தொட்டி இல்லை. அங்கே அதன் இடத்தை எழுப்புதல் கூட்டத்தின் அழைப்பு பிடித்திருக்கிறது. திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் கண்மூடிக் கைதூக்கிக் கண்ணீர் விடும்போது அங்கே மனஸ்தாபம் உண்மையாகவே இருக்கலாம், அதைக் கேலி செய்வது நேர்மையன்று. ஆயினும் எல்லாரும் ஒரே நேரத்தில் எல்லாப் பாவத்துக்கும் அழும் இடத்தில் எந்தப் பாவத்துக்கும் தனியாக முகவரி இல்லாமல் போகிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளைப் பார்த்தால் போதும்: செழிப்பும் உயர்வும் கூறும் வசனங்களே அச்சாகின்றன, ஆமோஸ் தீர்க்கதரிசி தராசை ஏமாற்றுகிறவர்களைக் கண்டித்த பகுதி யாருக்கும் வாக்குத்தத்தமாக வருவதில்லை. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயைச் சந்தை விலையைப்போல் பலமடங்கு கொடுத்து எடுக்கிறவரின் பெயர் ஒலிபெருக்கியில் மூன்றுமுறை அறிவிக்கப்படும். அதில் தாராளமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு, பணம் எப்படி வந்தது என்று கேட்காமலிருக்கும் உடன்பாடும் உண்டு.

செல்வத்தின் காட்சி எல்லாமே உலகப்போக்கு என்று முடிவு கட்டுவதும் சோம்பலான வாதம். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தங்கத் தேர், பரதவ ஜாதித் தலைவர் ஒருவரின் முயற்சியில் 1806இல் முதன்முதலாக ஓடியது. அரிதாகவே வடம் பிடிக்கப்படும் அது 2013இலும் 2023இலும் வீதிக்கு வந்தபோது, உப்பளத் தொழிலாளியும் இழுத்தார், கப்பல் முதலாளியும் இழுத்தார். ஒல்லாந்தர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றித் தம் கால்வினியப் போதனையைப் புகுத்த முயன்றபோதும் மாறாதிருந்த ஒரு சமூகம், தன் தாய் என்று கருதுபவருக்குப் பொன் சார்த்துவதில் பிழை தேடுவதற்கு முன், அந்தப் பொன்னின் அருகிலேயே நடக்கும் வேறு காரியங்களைப் பார்ப்பது நல்லது.

தனிமனிதருக்கு ஒப்புரவுத் தொட்டி இருக்கிறது, நிறுவனத்துக்கு இல்லை என்பதே நவீனத் திருச்சபையின் மனந்திரும்புதலில் உள்ள பெரிய ஓட்டை. 1923இல் அமைந்த தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இன்று அடங்கும் வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த கோயில் பலிபீடத்தில் கூடும் இரு கூடங்களாகக் கட்டப்பட்டிருந்தது. வெள்ளாளர் ஒரு கூடத்திலும் நாடார் மற்றொன்றிலுமாக, நடுவே பிரிப்புச் சுவரோடு, ஒரே பலியில் பங்கேற்றார்கள். ஆண்டுக்கணக்கில் இருபக்கத்தாரும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினார்கள். ஆனால் எந்தப் பக்கத்தாரின் பட்டியலிலும் அந்தச் சுவருக்கு ஒரு வரி இருந்திருக்க வழியில்லை, ஏனெனில் கேள்விக் கையேடு தனியொருவர் செய்ததைத்தான் கேட்டது, கோயிலின் கட்டட வரைபடத்தைக் கேட்கவில்லை. 1910இல் குருக்களே சுவரை இடிக்கச் செய்தபோது எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. கோயிலுக்குள் சாதியின் பேரில் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவரை எழுப்பியதும் திருச்சபை, இடித்ததும் திருச்சபை. இடையில் நின்ற நாற்பதாண்டுக்கு யார், யாரிடம், எந்தச் சொல்லில் வருத்தம் தெரிவிப்பது என்பதற்கு முறை எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

பிற்காலத்தில் அந்த முறையைத் தேடிய முயற்சிகள் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காக உரோமையில் பொது மன்னிப்புக் கேட்டார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமையும் பாகுபாடும் நிலவுவதை ஒப்புக்கொண்டது. புரோட்டஸ்தாந்துத் தரப்பில், தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத் தேர்தல்கள் நீதிமன்றப் படிகளில் ஏறுவதையும், அங்கே பேசப்படும் பொருள் பெரும்பாலும் பள்ளிகளும் நிலங்களும் நிர்வாகப் பதவிகளுமாக இருப்பதையும் நாளிதழ் படிக்கிறவர் அறிவார்; அங்கேயும் உபவாச ஜெபங்கள் தவறாமல் நடக்கின்றன. இவற்றில் எல்லாம் மனஸ்தாபம் உண்டு, ஓரளவு அறிக்கையும் உண்டு. காணாமல் போவது ஈடு. குரு விதிக்கும் பரிகாரம் வேறு, ஈடு வேறு: பரிகாரம் கடவுள்முன் செய்யும் தவம், ஈடு என்பது எடுத்ததை உடையவரிடம் திருப்பித் தருவது. திருட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பித்தரும் எண்ணமே இல்லாமல் மன்னிப்புக் கேட்கிறவருக்கு அது கிடைக்காது என்று அறநெறி இறையியல் திட்டமாகச் சொல்கிறது. வரி தண்டியவரான சக்கேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் தருவதாகக் கணக்குச் சொன்னதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

நிறுவனத்தின் ஈட்டை யாரிடம் கொடுப்பது என்ற தயக்கத்துக்கும் பழைய நூல்களில் விடை உண்டு: உடையவர் இறந்திருந்தால் வாரிசுக்கு, உடையவர் யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. சாதியின் பேரில் ஒதுக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை இரண்டாம் விதிக்குப் போகவே தேவையில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள், பெயர்கள் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கின்றன. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் தமிழகத்தில் எஞ்சியிருக்கும் பங்குகளில் அவற்றை ஒன்றாக்க ஆயரின் ஒரு சுற்றறிக்கையும் பங்குப்பேரவையின் உறுதியும் போதும், கலகம் வரும் என்ற அச்சம் 1910இலும் இருந்தது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணியிடங்கள் யாருக்கு, எதன் பேரில் போயின என்ற கணக்கு அதைவிடக் கடினமானது. அதைச் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவதற்கு முன் தாளாளரே பலிபீடத்தின் முன் நின்று ஆண்டுவாரியாக வாசிக்கலாம், வாசித்தபின் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தவக்காலத்தில் நாற்பது நாள்கள் இருக்கின்றன.