பெரிசாப் பாத்துக் குத்து

பங்குனிக் கடைசி. வாடை அடங்கி, சோளகம் இன்னும் தொடங்காத நாட்கள். அந்த இடைவெளியில்தான் பருத்தித்துறைப் பக்கத்துக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கம்பஸில் சோதினை முடிந்திருந்தது. நாங்கள் நாலு பேர், கலைப்பீடம், மூன்றாம் வருடம். ஒருத்தன் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒருத்தன் மன்னார், ஒருத்தன் வவுனியா. மற்றவன் ஹற்றன்காரன். அவனுக்கு நீந்தத் தெரியாது, ஆனால் எல்லாத்துக்கும் முதல் ஆளாக வெளிக்கிடுவான்.

யூடியூப்பில் யாரோ வெள்ளைக்காரர் மூச்சடக்கிச் சுழியோடி மீன் குத்துவதை இரவிரவாகப் பார்த்துவிட்டு, நாங்களும் செய்வம் எண்டு முடிவெடுத்தோம். வெல்டிங் கடையொன்றில் துருப்பிடிக்காத கம்பி ஒன்றைக் கூராக்கி முள் வைப்பித்தோம். பின்பக்கத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டினோம். "என்னத்துக்குத் தம்பியவை?" என்று கடைக்காரர் கேட்டார். "தேங்காய் உரிக்க" என்றோம். அவர் நம்பவில்லை, ஆனால் கம்பியை நன்றாகவே கூராக்கித் தந்தார்.

முதல் நாள் ஒரு மீனும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணிக்குள் பார்த்தால் எல்லாம் கிட்டவும் பெரிசாகவும் தெரியும். கையெட்டும் தூரம் எண்டு குத்தினால் கம்பி பாரில் போய் முட்டும். அப்படி முட்டின சத்தத்துக்கே மீன் எல்லாம் மறைந்துவிடும். ஆனால் அண்டைக்குத்தான் கிளிமீன் பாரைக் கறண்டித் தின்னும் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டோம். யாரோ பக்கத்தில் இருந்து முறுக்குக் கடிக்கிற மாதிரி.

இரண்டாம் நாள் கை பழகிவிட்டது. ஒரு ஓரா, இரண்டு கிளிமீன், கடைசியில் ஒரு கலவாய். ஓராவைக் கழட்டப் போய் மன்னார்க்காரன் முள்ளுக்குத்து வாங்கினான். அந்தக் கடுப்பு அவனைப் பின்னேரம் வரைக்கும் பேசவிடவில்லை. கரையில் குந்தியிருந்த ஹற்றன்காரன் ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தைத்தான் கத்துவான்: "மச்சான், பெரிசாப் பாத்துக் குத்து!" கலவாயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் துள்ளின துள்ளலை நாங்கள் எல்லாரும் போனில் எடுத்து வைத்திருக்கிறோம்.

சமைத்தது கரைக்காரன் வீட்டில். ஓராவைப் பொரித்து, கலவாய்த் தலையில் சொதி வைத்து, கிளிமீனைக் குழம்பாக்கி, சுடச்சுடப் புட்டோடு அவன்ர அம்மா தந்தா. அந்தச் சொதியின் ருசியை இப்பவும் நாங்கள் மறுக்க மாட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பற்றி நாங்களே பெருமைப்பட்டோம். இழுவைப்படகு அடியோடு வாருது. டைனமைற் பாரையே உடைக்குது. வலையில் கண்டது நிண்டதெல்லாம் படுது. நாங்களோ ஒண்டை மட்டும் பார்த்து, தேவையானதை மட்டும் குத்துறம். இதைவிட நேர்மையான மீன்பிடி உண்டோ? கரைக்காரன் தன் அப்புவையும் இழுத்தான். அந்தக் காலத்தில் அவர் இரவில் சூள் பிடித்து, களப்புத் தண்ணியில் மண்டாவால் குத்தினவராம். அப்ப இது எங்கட பாரம்பரியம்தானே!

அந்த நேரம்தான் அவன்ர மாமா வந்தார். அவர் அட்டைக்கும் சங்குக்கும் சுழியோடி முப்பது வருடம். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகவே விடாத நாட்களையும், குறித்த நேரத்துக்குள் திரும்பியே ஆகவேண்டிய நாட்களையும் கண்டவர். சட்டிக்குள் கிடந்த கலவாய்த் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எந்தப் பக்கத்துப் பார், எந்தப் பொந்து என்று கேட்டார். சொன்னோம்.

"இவரை எனக்குத் தெரியும். மூண்டு வருசமா அந்தப் பொந்திலதான் நிண்டவர்."

நாங்கள் சிரிக்கப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

"கம்பியால குத்துறது தடை எண்டு தெரியுமோ உங்களுக்கு? பிடிபட்டா, கம்பஸ் பெடியள் எண்டு உங்களை எச்சரிச்சு விடுவினம். அடுத்த நாள் என்ர போட்டைத்தான் மறிச்சுச் சோதிப்பினம்."

அப்புவின் மண்டாக் கதையையும் கரைக்காரன் எடுத்துவிட்டான். "அப்பு முழங்கால் தண்ணியில நிண்டு, வந்ததைக் குத்தினார். நீங்கள் அதின்ர வீட்டுக்குள்ள போய்த் தேடிக் குத்தியிருக்கிறியள்" என்றார். சாப்பிடச் சொல்லிக் கேட்டும் இருக்கவில்லை.

அண்டைக்கு இரவு நாங்கள் போனில் தேடிப் படித்தோம். மாமா சொன்னது சரி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் இலங்கையில் இப்படிக் குத்தி மீன் பிடிப்பதைத் தடை செய்திருக்கின்றன. சட்டத்தைவிட எங்களைக் கூடக் குடைந்தது வேறு விசயம். கலவாய் இனங்கள் பல, பெண்ணாகவே வளர்ந்து, வயதும் உடம்பும் கூடின பிறகுதான் ஆணாக மாறும். ஒரு பாரில் ஆக்கப் பெரிசைத் தேடித் தேடிக் குத்தினால், ஆண்கள்தான் முதலில் முடியும். கிளிமீனிலும் பல இனங்கள் இப்படித்தான். அது முறுக்குக் கடிக்கிற மாதிரிக் கறண்டுவது பாசியை. முருகைக்கல்லைப் பாசி மூடாமல் வைத்திருப்பது அந்தப் பல்லுத்தான். 1998இலும் 2016இலும் கடல் சூடாகி இலங்கையின் முருகைக்கற்கள் வெளிறின. அப்படி வெளிறின பார் திரும்ப உயிர்க்க இந்த மீன்கள் வேணும்.

'ஒண்டை மட்டும் பார்த்துக் குத்துறம்' என்பதுதான் எங்கட பெரிய நியாயமாக இருந்தது. பிரச்சினையே அந்தப் பார்வையில்தான் இருந்திருக்கிறது. வலைக்குக் கண் இருந்தாலும் அது ஆளைத் தெரிந்து பிடிக்காது. நாங்கள் ஆளைத் தெரிந்து, ஆக நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறோம்.

நாலு மீனால் பார் அழியாது எண்டு வவுனியாக்காரன் இப்பவும் வாதாடுவான். இழுவைப்படகையும் சூடாகிற கடலையும் விட்டுட்டு, கம்பியோட போன நாலு பேரைக் குற்றவாளியாக்கிறதோ எண்டு கேட்பான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கு. ஆனால் எங்களுக்கு அது ஒரு லீவு விளையாட்டு. மாமாவுக்கு அந்தப் பார் அடுத்த வருடத்துச் சோறு. அந்த வித்தியாசத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

கம்பி இப்போது கரைக்காரன் வீட்டுக் கோடிக்குள் கிடக்கிறது. அதில் ஒரு தேங்காய்கூட இன்னும் உரிக்கவில்லை. போன கிழமை திரும்பவும் பாருக்குப் போனோம், கண்ணாடியை மட்டும் கொண்டு. ஹற்றன்காரன் ரெஜிபோம் துண்டு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி முதன்முதலாகத் தலையைத் தண்ணிக்குள் விட்டான். கிளிமீன் கடிக்கும் சத்தம் கேட்டு, வாய்க்குள் தண்ணி போகப் போகச் சிரித்தான்.

கலவாய் நிண்ட பொந்து வெறுமையாகத்தான் இருந்தது. மாமாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.