ஒரு நொடிக்கு ஒரு முழம்

டப்பாவின் மூடியைத் திறந்ததும் காடி நெடி முகத்தில் அடித்தது. "தள்ளி நில்லுங்க தம்பி, கண்ணு எரியும்" என்றார் மாஸ்டர். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. நாற்பது வருடம் நெகட்டிவ் வெட்டி ஒட்டியவர் அவர். லேப்களில் பிலிம் வேலை நின்றுபோன பிறகு, பழைய சுருள்களைச் செப்பனிட்டு ஸ்கேனுக்கு அனுப்பும் இந்தச் சிறிய பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். உதவிக்கு ஓர் இளம்பெண். அவரை 'மாஸ்டர்' என்கிறாள். அவர் அவளை 'பாப்பா' என்கிறார்.

1950களின் தொடக்கம் வரை சினிமா ஓடியது நைட்ரேட் பிலிமில். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அதற்கு மாற்றாக வந்த அசிடேட் பிலிம் அப்படி எரிவதில்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளுக்குள்ளேயே புளிக்கிறது. அந்தப் புளிப்பின் ஆவி பக்கத்து டப்பாக்களையும் கெடுக்கும். ஒரு பெட்டி மாம்பழத்தில் ஒன்று அழுகினால் என்ன ஆகுமோ, அதேதான். பிலிம் சுருங்கும், வளையும், கடைசியில் ஓடு மாதிரி நொறுங்கும். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு நீலத் தாள் துண்டைப் போட்டு மூடி வைக்கிறார்கள். அது பச்சையானால் நோய் தொடங்கிவிட்டது, மஞ்சளானால் முற்றிவிட்டது.

அன்று மேசையில் இருந்தது ஒரு நியூஸ் ரீல். டாக்கீஸில் படத்துக்கு முன்னால் கட்டாயம் ஓடிய சுருள்களில் ஒன்று. மத்திய அரசு 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் அப்படிப்பட்ட சுருள்களை எடுத்துப் பல மொழிகளில் நாடு முழுக்க அனுப்பியது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ரீவைண்டரின் கைப்பிடியை மாஸ்டர் மெல்லச் சுற்றினார். மறு கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே பிலிமின் ஓரம் வழுக்கிக்கொண்டு போனது. கண் அதன்மேல் இல்லை. சட்டென்று நிறுத்தினார். விரல் நின்ற இடத்தில் மூன்று ஓட்டைகள் கிழிந்திருந்தன.

"கண்ணு ஏமாத்தும் தம்பி. விரலு ஏமாத்தாது."

கிழிந்த ஓட்டைகளின் மேல், அதே அளவில் ஓட்டையிட்ட டேப்பை இரு பக்கமும் ஒட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ பிலிம் சிமெண்ட் வைத்துப் போட்ட ஜாயிண்ட் ஒன்று காய்ந்து விட்டுப்போயிருந்தது. சேதமான ஃப்ரேமை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். அவர் வெட்டவில்லை. ஒரு ஃப்ரேமுக்காகக் கால் மணி நேரம் குனிந்திருந்தார்.

எவ்வளவு நீளம் என்று கேட்டேன். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை பிலிமை இழுத்துக் காட்டினார். "இது ஒரு நொடி." பூக்காரம்மா அளக்கும் அதே முழம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 எம்.எம். பிலிமில் அடிக்கு 16 ஃப்ரேம், நொடிக்கு 24 ஃப்ரேம். ஆக, நொடிக்கு ஒன்றரை அடி. கச்சிதமாக ஒரு முழம்தான். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. அத்தனையும் இப்படி விரல்களுக்கு நடுவே போயாக வேண்டும்.

அந்த முழக்கணக்கு எனக்குப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரை நினைவூட்டியது. 1937இல் அட்லாண்டிக் கடலில் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பலர் பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் எடுத்திருந்த துண்டுகளைத் தேடி அலைந்து ஏறத்தாழ 50,000 அடி சேர்த்தார். 1940இல் படம் தமிழில் வெளிவந்தது. பிறகு அதுவே காணாமல் போனது. சுருக்கிய ஆங்கில வடிவம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதை வெகுகாலம் கழித்து வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார். உலகம் சுற்றிச் சேகரித்த தமிழரின் படத்துக்கு ஊரில் ஒரு குளிர்ந்த அலமாரி இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசகவத'மும் நம்மிடம் இல்லை. எத்தனையோ பழைய படங்களைப் பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள்.

மாஸ்டர் விளக்குப் பெட்டியின்மேல் பிலிமை விரித்து லென்ஸைத் தந்தார். ஒரு பாலத் திறப்பு விழா. நடுவில் ரிப்பன், கத்தரிக்கோல், மாலை போட்ட பெரிய மனிதர். டப்பாவில் தேதி அழிந்திருந்தது. பழைய கோடாக் பிலிமின் ஓரத்தில் ஆண்டைச் சொல்லும் சிறு குறிகள் உண்டு. வட்டம், சதுரம், முக்கோணம். ஆனால் அதே குறி இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். இது 1961ஆ, 1981ஆ?

"மாஸ்டர், இங்க பாருங்க" என்றாள் அந்தப் பெண். கூட்டத்துக்குப் பின்னால், ஃப்ரேமின் இடது கோடியில் ஒரு டீக்கடை. தொங்கிய பலகையில் விலைக்கு முன்னால் 'ந.பை.' என்று இருந்தது. நயா பைசா! 1957இல் வந்து 1964இல் பெயரை இழந்த காசு. ஆண்டு முடிவாகிவிட்டது. கேமராக்காரர் அந்தக் கடையை எடுக்க நினைத்திருக்க மாட்டார். ரிப்பனைத்தான் எடுத்தார்.

அதன் பிறகு என் கண் நடுவுக்குப் போகவே இல்லை. தம்பியை இடுப்பில் வைத்தபடி கேமராவை முறைக்கும் சிறுமி, காக்கி அரைக்கால் சட்டையில் போலீஸ்காரர், சும்மாட்டோடு எட்டிப் பார்க்கும் பெண். இவர்களுக்கு வேறு படமே இருந்திருக்காது. ரிப்பன் வெட்டியவருக்கு நூறு படம் இருக்கும்.

டெலிவிஷன் நாடாக்களுக்கு அடுத்த அறை. சென்னைத் தொலைக்காட்சி வந்தது 1975இல். விலை உயர்ந்த நாடா என்பதால் ஒன்றின்மேல் மற்றொன்றைப் பதிவது அந்தக் காலத்தில் உலகெங்கும் வழக்கம். எஞ்சியவற்றில் சில பிசுபிசுத்து மெஷினில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தி, ஈரம் மீண்டும் ஏறுவதற்குள் ஓட்டிப் பதிந்துகொள்கிறார்கள்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். 'பாலத் திறப்பு விழா' என்று எழுதிவிட்டு, கீழே 'டீக்கடைப் பலகை, குழந்தையுடன் சிறுமி, சும்மாடு' என்றும் சேர்த்தாள். அலமாரியில் இன்னும் முப்பது டப்பாக்கள். எதை முதலில் எடுப்பது என்று மாஸ்டர் தாள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய தலைவர்களின் பெயர் எழுதிய டப்பாக்களில் நீலம். கீழ்த்தட்டில் 'உதிரி' என்று மட்டும் எழுதிய ஒன்றில் பச்சை, மஞ்சளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பாப்பா, இத மொதல்ல எடு" என்றார்.